பத்து டொலருக்கு ஒரு நகரம்

(ஒஷாவாவில் தமிழ்க் குடும்பங்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இருக்கிறவர்களில் பலர் கிழமையில் ஐந்து நாளும் ரொறன்ரோவுக்குப் போய்வருகிறவர்கள். ஆனால் அந்த நகரத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். ஊரிலிருந்து மாமா, மாமி வந்தபோது சி.என். கோபுரம், மறுநாள் நயாகரா. விருந்தாளி வராத வருஷத்தில் நகரமும் இல்லை. வேலைக்குப் போவதும் வருவதும் நகரத்தைப் பார்த்ததாகாது. யூனியன் நிலையத்தின் படிகளில் ஏறி இறங்கியதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

காரணம் கேட்டால் காசு என்பார்கள். அதை நான் மறுக்கமாட்டேன். நாங்கள் ஒஷாவாவுக்கு வந்து சேர்ந்ததே காசுக் கணக்கால்தானே. ஸ்காபரோவில் வாடகை கட்டுப்படியாகாமல் 401 நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸ், விற்பி என்று நகர்ந்து, கடைசியில் இங்கே வீடு வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் நிறைய. டேர்ஹாம் கல்லூரியிலும் ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற பிள்ளைகளுக்கு, மாத முடிவில் கையில் மிஞ்சுவது என்னவென்று நன்றாகத் தெரியும். ஆனாலும் ‘காசில்லை, அதனால் நகரம் இல்லை’ என்ற கணக்கை ஒருதரம் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

போடுவோம். அப்பா, அம்மா, பன்னிரண்டு வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை. ஒஷாவாவையும் ரொறன்ரோவையும் இணைக்கும் கோ ரயிலின் வார இறுதி நாள் சீட்டு ஒருவருக்கு 10 டொலர். அன்று முழுக்க எத்தனை தடவையும், எந்த வழித்தடத்திலும் போய்வரலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்குக் கோ ரயிலில் 2019 முதல் கட்டணம் இல்லை, ரொறன்ரோ நகரப் போக்குவரத்தான ரி.ரி.சி.யில் 2015 முதலே இல்லை. ஆக ரயிலுக்கு 20 டொலர். நகரத்துக்குள் ரி.ரி.சி. பெரியவருக்கு 3 டொலர் 30 சதம். பிரெஸ்ரோ பயண அட்டையை ஒருதரம் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஏறலாம், இறங்கலாம், திரும்பியும் வரலாம். பெரியவர் இருவரும் ஆளுக்கு இரண்டுதரம் தட்டினால் 13 டொலர் 20 சதம். மொத்தம் 33 டொலர் 20 சதம். சி.என். கோபுரத்தில் ஏற ஒரு பெரியவருக்கே 40 டொலருக்கு மேல் வேண்டும். காரில் போனால், போக 60 கிலோமீற்றர், வர 60 கிலோமீற்றர் பெற்றோல். அதற்கு மேல் நகர மத்தியில் வாகனத் தரிப்பிடக் கட்டணம். அந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆறு மாதத்துக்கு ரொறன்ரோப் பக்கம் தலைவைக்காத குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கோபம் நியாயமானது. அதை நகரத்தின் மேல் காட்டியதுதான் சரியில்லை. காட்டியிருக்க வேண்டியது காரின் மேல்.

கிழமை நாட்களில் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 2024 பெப்ரவரி 26 முதல் மாகாண அரசின் ‘ஒரே கட்டணம்’ நடைமுறை வந்திருக்கிறது. டேர்ஹாம் பஸ்ஸில் நிலையத்துக்கு வந்து, கோ ரயில் ஏறி, அங்கே ரி.ரி.சி.க்கு மாறினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டத் தேவையில்லை. ரயில் கட்டணம் மட்டும்தான். எல்லா இடத்திலும் அதே அட்டையைத் தட்ட வேண்டும், அவ்வளவே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரிய நகரம் எதிலும் இரண்டு வகைச் சொத்து உண்டு. ஒன்று, வாசலில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவது. மற்றது, வரிக்காசிலும், யாரோ எழுதிவைத்த உயிலிலும், யாரோ சண்டை பிடித்துப் பெற்ற உரிமையிலும் உண்டான பொதுச்சொத்து. விளம்பரம் முதல் வகைக்குத்தான் இருக்கும். இரண்டாவதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை. ஆனால் நேரம் மட்டும் உண்டு. புதன் இரவு, மத்தியானம் பன்னிரண்டு மணி, மே மாதத்துக் கடைசி வார இறுதி என்று அது தன் கதவைத் திறக்கும். காசுள்ளவன் நினைத்த நேரத்தில் போகலாம். நாங்கள் நேரம் தெரிந்து போக வேண்டும்.

இது எங்களுக்குப் புதுப் பழக்கமும் இல்லை. நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறினால் 25 நாள் திருவிழா. யாரும் சீட்டு வாங்கி உள்ளே போனதில்லை. எந்த நாள் எந்த வாகனம், எத்தனை மணிக்குச் சுவாமி வெளியே வரும், எந்த மூலையில் நின்றால் நன்றாகத் தெரியும் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. கையில் கச்சான் சரை ஒன்று, அவ்வளவுதான் செலவு. அந்தக் கெட்டித்தனத்தை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று சிலவேளை நினைப்பேன்.

ரயிலிலிருந்தே தொடங்குவோம். கோ ரயில் 1967 மே மாதம் ஓடத் தொடங்கியபோது கிழக்கே பிக்கரிங்கோடு நின்றுவிட்டது. ஒஷாவாவுக்கு அது வந்தது 1995இல். அன்றிலிருந்து அதை ‘வேலைக்குப் போகிற வண்டி’ என்று மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். அடுத்தமுறை போகும்போது மேல்தளத்தில், போகிற திசைக்கு இடப்பக்கம், அதாவது தெற்குப் பக்கம் இருங்கள். பிக்கரிங் தாண்டி ரூஜ் ஹில் பக்கம் வந்ததும் தண்டவாளம் ஒன்ராறியோ ஏரியின் கரையை ஒட்டியே போகிறது. சில இடங்களில் ஜன்னலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கல்லும் நடைபாதையும் மட்டும்தான். காலை வெயிலில் அந்தச் சில நிமிடங்களைக் கைபேசியில் தலைகவிழ்ந்து கடத்துகிறவர்களை எழுப்பிவிடலாமா என்று தோன்றும்.

யூனியன் வரை போய்த்தான் இறங்க வேண்டும் என்றும் சட்டமில்லை. நாள் சீட்டு இருக்கும்போது வழியில் இறங்கலாம், அடுத்த வண்டியில் ஏறலாம். ரூஜ் ஹில்லில் இறங்கினால் கரையோர நடைபாதை. கிழக்கே நடந்தால் ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் மணற்கரை. அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி தேசிய நகர்ப்புறப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது.

அடுத்த நிலையம் கில்ட்வுட். அங்கேயிருந்து அரைமணி நடையில் கில்ட் பூங்கா. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். 1950களிலும் 60களிலும் ரொறன்ரோ நகர மத்தியில் பழைய கட்டடங்களை வரிசையாக இடித்துத் தள்ளினார்கள். வங்கிகள், அலுவலகங்கள், மாளிகைகள். ஸ்பென்சர் கிளார்க், ரோசா கிளார்க் என்ற தம்பதிகள் அந்த இடிபாடுகளில் இருந்து தூண்களையும் வளைவுகளையும் சிற்பங்களையும் வாங்கி ஸ்காபரோவில் தங்கள் வளவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1966இல் இடிபட்ட ரொறன்ரோ வங்கியின் தூண்களால் புல்வெளி நடுவே கிரேக்கப் பாணியில் ஓர் அரங்கே எழுந்து நிற்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள். தூணின் தலைப்பில் இலை இலையாகக் கொத்திய வேலைப்பாடு. அந்த இலைகளுக்குள் நகர மத்தியின் பழைய புகைக்கறை. எங்கள் பிள்ளைகள் பலர் கலியாணப் படம் எடுக்க அங்கே போயிருப்பார்கள். ஆல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் தூண்கள் எந்த வங்கியுடையவை என்று கேட்டால்தான் தெரியாது.

இன்னும் போனால் டான்ஃபோர்த் நிலையம். அதற்குப் பக்கத்திலேயே மெயின் ஸ்ட்ரீட் சப்வே. சப்வேயில் மேற்கே ப்ரோட்வியூ வரை வாருங்கள். இங்கே தொடங்கும் நடையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். வெயில்காலமோ குளிர்காலமோ, அரை நாள் போதும்.

ப்ரோட்வியூவுக்குச் சற்று மேற்கே டொன் பள்ளத்தாக்கைக் கடக்கும் பெரிய பாலம் இருக்கிறது. 1918இல் திறந்தது. கட்டும்போதே, என்றைக்காவது ரயில் ஓடும் என்று அடியில் ஒரு தளம் விட்டுக் கட்டினார்கள். ரயில் வந்தது 1966இல். பாலம் எழும்பியபோது நகரத்தின் பொதுப்பணி ஆணையாளராக இருந்தவர் ஆர்.சி. ஹாரிஸ். அவருக்கும் அந்தப் பாலத்துக்கும், பெயரில்லாமல் அதில் உழைத்த குடியேறிகளுக்கும் இலக்கியத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர் கொழும்பில் பிறந்து 1962இல் கனடா வந்த மைக்கல் ஒண்டாச்சி. 1987இல் வந்த ‘இன் த ஸ்கின் ஒஃப் எ லயன்’ நாவலில்தான் அதைச் செய்தார். இந்த நகரத்தைப் பார்க்கப் புறப்படுகிற இலங்கையர் எவரும் முதலில் படிக்க வேண்டிய நூல் என்பேன். நூலகத்தில் கிடைக்கும், அதற்கும் காசில்லை.

ப்ரோட்வியூ வீதியால் தெற்கே இறங்கினால் ரிவர்டேல் பூங்காவின் கிழக்குச் சரிவு. நகரத்தின் கோபுரங்கள் எல்லாம் எதிரே வரிசையாக நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் புல்லில் விரிப்பைப் போட்டுக்கொண்டு உள்ளூர் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். சரிவில் இறங்கி, நெடுஞ்சாலைக்கும் ஆற்றுக்கும் மேலாகப் போகும் நடைபாலத்தைக் கடந்தால் மறுகரையில் ரிவர்டேல் பண்ணை. மாடு, ஆடு, செம்மறி, பன்றி, கோழி எல்லாம் நகரசபைக் காசில் வளர்கின்றன. பார்க்கக் கட்டணமில்லை. கனடாவில் பிறந்த பேரனுக்கு மாட்டைக் காட்ட ஆசைப்படுகிற அம்மம்மாக்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது.

பண்ணையிலிருந்து மேற்கே நடந்தால் பார்லிமென்ட் வீதி. அதில் வடக்கே திரும்பி வெல்லெஸ்லி சந்திக்கு வந்தால் சென்ற் ஜேம்ஸ் ரவுணின் உயர்ந்த குடியிருப்புகள். 1983க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு ரொறன்ரோ என்றால் முதலில் அந்த மாடிகள்தான். ஒரு அறையில் நாலைந்து பேர், முறைவைத்துச் சமையல், இரவு வேலை. அங்கே இருந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். உங்கள் பிள்ளைகளை ஒருதரம் கூட்டிக்கொண்டு போய், எந்த மாடி, எந்த ஜன்னல் என்று காட்டுங்கள். எந்த நூதனசாலையும் அதை அவர்களுக்குக் காட்டப் போவதில்லை.

பார்லிமென்டில் திரும்பவும் தெற்கே வந்து கார்ல்டனில் மேற்கே திரும்பினால் அலன் பூங்கா. முன்வரிசையில் ஓர் அம்மா தலையசைக்கிறா. உரை தொடங்க முன்னர் என்னிடம் அவ கேட்ட கேள்வி இதுதான்: “தம்பி, இதெல்லாம் சரி, குளிருக்குள்ள எங்க போறது?” அம்மா, இங்கேதான். 1910இல் கட்டிய பெரிய கண்ணாடிக் கூடம், அதையொட்டி இன்னும் சில கூடங்கள். ஜனவரியில், வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து இருக்கையில், அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் முதலில் மூக்குக்கண்ணாடி வெளுத்துப் போகும். துடைத்துப் போட்டால் எதிரே வாழை. ஈரமண் வாசம். மேலே கண்ணாடியில் திரண்ட துளி ஒன்று கழுத்தில் விழும். ஜாக்கெற்றைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வீர்கள். என்னோடு வந்த ஒரு வயதான பெண்மணி வாழையிலையின் அடியை விரலால் தடவி, தண்டை இரண்டுதரம் தட்டி, “இது குலை தள்ளாது, வெளிச்சம் போதாது” என்று தீர்ப்புச் சொன்னார். கட்டணம் இல்லை, எத்தனை நாழிகை இருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். இதே பூங்காவில் இருந்த பழைய மண்டபத்தில்தான் ஒஸ்கார் வைல்ட் 1882இல் சொற்பொழிவாற்றினார். அந்த மண்டபம் 1902இல் எரிந்துபோயிற்று. அவருடைய பேச்சுக்குச் சீட்டு விற்றார்கள். என்னுடையதற்கு நீங்கள் சும்மா வந்திருக்கிறீர்கள்.

ஹாரிஸை விட்டுவிட்டேன். குயின் வீதியில் ஓடும் 501 ஸ்ட்ரீட்காரில் கிழக்குக் கோடி வரை, நெவில் பார்க் வரை போங்கள். அங்கே ஏரிக்கரை மேட்டில் அரண்மனை மாதிரி ஒன்று நிற்கும். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம்! 1941இல் திறந்தது, ஹாரிஸின் பெயர்தான் அதற்கு. உள்ளே பளிங்கும் பித்தளையும். தண்ணீர் வடிகட்டும் இடத்துக்கு இத்தனை ஆடம்பரமா என்று அந்தக் காலத்தில் கேட்டார்கள். எனக்கு ஹாரிஸின் பக்கம்தான் சரியென்று படுகிறது. குழாய்த் தண்ணீர் குடிக்கிற சாதாரண சனத்துக்கென்று பளிங்கில் கட்டியவன் சனத்தை மதித்தவன். வெளிப் புல்வெளி எப்போதும் திறந்திருக்கும். உள்ளே பார்க்க விரும்பினால், மே மாதக் கடைசியில் ‘டோர்ஸ் ஓப்பன்’ நிகழ்வின் பட்டியலைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கிய நிகழ்வு. வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் பலவற்றை அந்த வார இறுதியில் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள்.

நகர மத்தி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோ ஓவியக்கூடம் சில புதன் மாலைகளில் எல்லோருக்கும் இலவசம். 25 வயதுக்குக் கீழுள்ள ஒன்ராறியோ வாசிகளுக்கு எந்த நாளும் இலவசம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதே நகரத்தில் 1929இல் பிறந்த ஃபிராங்க் கேரி புதுப்பித்து வடிவமைத்த கட்டடம்; வீதியோரமாக நீளும் மரமும் கண்ணாடியுமான கூடத்தில் நடப்பதற்காகவே போகலாம். ரொம் தொம்சனின் ‘மேல்காற்று’ ஓவியம் அங்கேதான் இருக்கிறது. கனடியப் பாடப்புத்தகங்களில் பிள்ளைகள் பார்த்திருக்கும் அந்த வளைந்த பைன் மரம் அதில் உள்ளதுதான். ஓர் இரவில் இரண்டு அறை பாருங்கள், போதும். இலவசம் என்பதற்காக எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடினால் கால்வலிதான் மிஞ்சும்.

கனடிய ஒப்பரா நிறுவனம், ஒப்பராப் பருவத்தில், கிழமை நாட்கள் சிலவற்றில் மத்தியானம் ஒரு மணிநேரக் கச்சேரியைத் தன் அரங்கில் இலவசமாக நடத்துகிறது. கண்ணாடிச் சுவருக்கு உள்ளே படிக்கட்டு அரங்கு. வெளியே யூனிவர்சிற்றி அவெனியூவில் வாகனங்கள் ஓடுவது தெரியும், சத்தம் வராது. நகர மத்தியில் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் போய்வரலாம். ஒப்பரா எங்களுக்கு விளங்குமா என்று கேட்பார்கள். தெலுங்குக் கீர்த்தனையை மொழி தெரியாமலே காலம் முழுவதும் கேட்டவர்கள் இதைக் கேட்கக் கூடாதா?

யங் வீதியில் 789ஆம் இலக்கம், ரொறன்ரோ உசாத்துணை நூலகம். 1977இல் திறந்தது. வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகச் சிறுவனாக முகாமில் அடைக்கப்பட்டவர். உள்ளே போய் உட்கார அட்டை தேவையில்லை. புத்தகம் இரவல் எடுக்கத்தான் அட்டை. ரொறன்ரோவில் வேலை செய்கிற, படிக்கிற ஆட்களுக்கு அந்த அட்டை இலவசம். ஒஷாவாவில் வீடு இருப்பதால் கிடைக்காது என்று பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். நூலகத்தின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

எல்லாமே மலிவு என்றும் நான் சொல்லமாட்டேன். ரொறன்ரோத் தீவுக்குப் படகில் போய்வரப் பெரியவருக்குப் பத்து டொலரை ஒட்டி வரும். கோடைகால ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பதைத் தனிச் செலவாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். காலையில் முதல் படகுகளில் போங்கள், வார்ட்ஸ் தீவுப் பக்கம் இறங்குங்கள். மே மாதத் தொடக்கத்தில் ஹை பார்க்கில் செர்ரிப் பூ. முதல் மரங்களை 1959இல் டோக்கியோ மக்களின் பெயரால் ஜப்பானியத் தூதர் கொடுத்தார். இலவசம்தான், ஆனால் சனி மத்தியானம் போனால் பூவை அல்ல, முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். கிழமை நாளில், விடியற்காலையில் போக முடிந்தவர்களுக்கே அந்தப் பூ.

சாப்பாட்டில்தான் எல்லாக் கணக்கும் கவிழும். நகர மத்தியில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் மேலே போட்ட 33 டொலரும் இரண்டு மடங்காகிவிடும். கட்டுச்சோறு கட்டுங்கள். புளிச்சாதமும் பொரித்த மிளகாயும் ஒருவேளைக்குக் கெடாது. பூங்காவில் சம்மணம் கட்டி இருந்து சாப்பிட வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பக்கத்தில் இருக்கிற இத்தாலியனும் போர்த்துக்கீசனும் தங்கள் பெட்டியைத் திறந்துகொண்டுதான் இருப்பார்கள். வரும் வழியில் ஸ்காபரோவில் இறங்கி ரோல்ஸும் கொத்து ரொட்டியும் வாங்குவது உங்கள் விருப்பம். அதை நான் தடுத்தாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை.

இரவு வேலை செய்கிறவர்கள், இரண்டு வேலை பார்க்கிறவர்கள் புதன் மாலையை எங்கே தேடுவார்கள் என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. இலவச நேரம் என்பது பெரும்பாலும் ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை செய்கிறவனுக்குத் தோதாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்குப் பூங்காவும் ஏரிக்கரையும் பகல் வெளிச்சமும்தான் கிடைக்கும். இரவு வேலை முடிந்து காலை வண்டியில் திரும்புகிறவர் ரூஜ் ஹில்லில் இறங்கி ஏரிக்கரையில் அரைமணி நடந்துவிட்டு அடுத்த வண்டி பிடிக்கலாம். அதற்குமேல் வேண்டுமானால் நகரசபையிடம் கேட்க வேண்டும். நூதனசாலையை ஏன் காலை ஏழு மணிக்குத் திறக்கக் கூடாது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒஷாவா. பத்து டொலர்ச் சீட்டு மேற்கே மட்டும் ஓடுவதில்லை. ரொபேட் மக்லோக்லின் ஓவியக்கூடம் இங்கே நகர நடுவில் இருக்கிறது. 1953இல் இந்த வட்டாரத்தில் கூடித் தொடங்கிய ‘பதினோரு ஓவியர்’ குழுவின் நவீன ஓவியங்களை இதைவிட அதிகமாக வேறெங்கும் பார்க்க முடியாது. ஜூன் மாதத்தில் ஒஷாவா கிறீக் கரையில் உள்ள தாவரத் தோட்டத்தில் பியோனிப் பூ மலரும். 300க்கும் மேற்பட்ட வகை. ஒவ்வொன்றும் எங்கள் ஊர்த் தாமரை அளவு. லேக்வியூ பூங்காவின் மணலுக்கும் யாரும் காசு வாங்குவதில்லை. ஸ்காபரோவில் இருக்கிற உங்கள் சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் “ஒஷாவா சரியான தூரம்” என்று ஐந்து வருஷமாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஜூனில் ஒரு சனிக்கிழமை பார்த்து வரச்சொல்லுங்கள். அவர்களுக்கும் அதே பத்து டொலர்தான்.